யாரிடம் மன்னிப்புக் கேட்பது

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கதவுக்கடியில் ஒரு காகிதம் நுழைந்தது. ஈரக் கையோடு எடுத்துப் படித்தேன். குடியிருப்புச் சங்கச் செயலாளர் அனுப்பிய நோட்டீஸ். முழுக்கத் தமிழ், நடுவில் மட்டும் கொஞ்சம் ஆங்கிலம். நாங்கள் வசிக்கும் விதம் 'ஜெனரலி அக்செப்டட் சோஷியல் நார்ம்ஸ்'க்கு ஒத்துவரவில்லையாம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டுமாம்.

எங்களிடம் இருக்கும் கோளாறு இதுதான்: நான் விவாகரத்து ஆனவள், என்னோடு இருப்பவர் அந்தக் கணவனைப் பெற்றவர். "நீ அவன்கிட்டதான விவாகரத்து வாங்குன, என்கிட்ட இல்லயே" என்று அத்தை அன்றைக்கே சொல்லிவிட்டார். எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது, வீட்டுக்காரர்களுக்குத்தான் போதவில்லை. இந்த வீடு கிடைப்பதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது. இதுவும் போனால் அத்தை எனக்குப் பாரமாக இருக்க மாட்டேன் என்று ஏதாவது முதியோர் இல்லத்துக்குக் கிளம்பிவிடுவார். நான் பயந்தது அதை நினைத்துத்தான்.

அந்த ஆங்கில வரி எனக்குப் புதிதல்ல. நான் நர்ஸ். நோயாளியின் பக்கத்தில் ஏன் உட்காரக் கூடாது என்று யாராவது கேட்டால் "ஹாஸ்பிடல் ப்ரோட்டோகால்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன். அந்த ப்ரோட்டோகாலை நான் கண்ணால் பார்த்ததில்லை. கேட்டவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். இப்போது என் முறை, நானும் மூடிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கார்கள் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம். வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் அத்தை சலவைப் புடவை கட்டிக்கொண்டு என் பின்னாலேயே இறங்கி வந்தார். செயலாளர் தொண்டையைச் செருமி நோட்டீஸை வாசித்தார். ஆங்கிலம் வந்த இடத்தில் மட்டும் அவர் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது.

"அதுக்கு என்னங்க அர்த்தம்?" என்றார் அத்தை.

"பொதுவா எல்லாரும் ஏத்துக்கிட்ட வழக்கம்மா."

"சரிங்க. எங்களால யாருக்காவது சங்கடம்னா மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன். யார்கிட்ட கேக்கணும்னு மட்டும் சொல்லுங்க."

அத்தை குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கையைக் கூப்பிக்கொண்டு காத்திருந்தார். செயலாளர் இரண்டாம் மாடிக்காரம்மாவைப் பார்த்தார்.

"என்னை ஏன் சார் பாக்கறீங்க? அந்தம்மா யாருன்னு மாடிப்படியில கேட்டேன், அவ்வளவுதான். காலி பண்ணச் சொல்லுங்கன்னு நான் சொல்லவே இல்ல."

அடுத்து கீழ்வீட்டு டெய்லரைப் பார்த்தார். அவருக்குத் தையல் இயந்திரம் ஞாபகம் வந்து மெதுவாக நழுவினார். அத்தை கூப்பிய கையோடு ஒவ்வொருவர் பக்கமாகத் திரும்பத் திரும்ப, ஆளாளுக்குத் தலையாட்டி மறுத்தார்கள். கடைசியில் செயலாளர் மட்டும் மிஞ்சினார்.

"எனக்கும் எந்தக் குறையும் இல்லம்மா" என்றார் சங்கடமாக. "அந்த வரியை எல்லா நோட்டீஸ்லயும் போடறதுதான். படியில செருப்பு விடாதீங்கன்னு ஒட்டினதுலகூட இருக்கு. அது இல்லன்னா யாரும் மதிக்க மாட்டேங்கறாங்க."

யாரோ சிரித்தார்கள். அவரும் அசடு வழிந்துகொண்டே காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இது இருக்கட்டும். அடுத்து, தண்ணி மோட்டார்" என்றார். அவ்வளவுதான். இத்தனை நாள் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் தண்ணி மோட்டாருக்கு வழிவிட்டு எழுந்து போய்விட்டது. நாளைக்கு வேறு காகிதம் வரலாம், வரட்டும். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"கடைசி வரைக்கும் யாரும் சொல்லலயே" என்றார் அத்தை படியேறும்போது. அவருக்கு உண்மையிலேயே குறைதான்.

இரண்டாம் மாடியில் மூச்சு வாங்க நின்றார். எங்களுக்கு முன்பே ஏறி வந்திருந்த இரண்டாம் மாடிக்காரம்மா கதவைத் திறந்து, ஒரு நாற்காலியை நடையில் கொண்டுவந்து போட்டார். அத்தை புடவையைச் சரிசெய்துகொண்டு அதில் உட்கார்ந்தார். நான் வீட்டுச் சாவியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். எழுந்திருக்க அவருக்கு ஓர் அவசரமும் இருந்ததாகத் தெரியவில்லை.