இசோகாய் அக்காவின் ஒரே வெற்றி

இசோகாய் அக்கா மறுபடி டென்னிஸ் ஆட வந்த வருடத்தில் மொத்தம் பதின்மூன்று ஆட்டங்கள் ஆடினார். பன்னிரண்டில் தோற்றார். ஜெயித்த அந்த ஒன்று என்னிடம். அதை நான்தான் அவருக்குக் கொடுத்தேன். இதை யாரிடமும் நான் சொன்னதில்லை. சொன்னால் தோற்றவள் புலம்புகிறாள் என்பார்கள்.

இசோகாய் மித்சுயோ என்றால் எங்கள் நாட்டில் டாக்ஸி ஓட்டுகிறவருக்கும் தெரியும். பத்தொன்பது வயதில் உலகத்தில் இருபத்தி இரண்டாவது இடம். லண்டன் புல்தரையில் காலிறுதி. நான் அப்போது ஒன்றாம் வகுப்பு. அந்த ஆட்டத்தை டி.வி.யில் பார்த்த மறுவாரம் அம்மா என் கையில் ராக்கெட்டைக் கொடுத்துவிட்டார். இருபத்தி ஒன்பது வயதில் அக்காவின் முட்டி கைவிட்டது. கேமராக்களுக்கு முன்னால் அழுது, எதிர்பார்ப்பை நிறைவேற்றாததற்கு நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டு, தலைகுனிந்து வணங்கிவிட்டு விலகினார். அதன்பின் எட்டு வருடம் டி.வி. வர்ணனை, கறிக்குழம்பு விளம்பரம், ஒரு பல் டாக்டரோடு கல்யாணம். மூன்று வருடத்தில் அந்தக் கல்யாணமும் முடிந்தது. முப்பத்தேழு வயதில் திரும்பி வருகிறேன் என்றார். ஏன் என்று கேட்ட நிருபரிடம், "இன்னும் ஒரே ஒரு மேட்ச் ஜெயிச்சுப் பார்க்கணும்" என்றார். நாடே உருகிவிட்டது.

நானும் உருகினேன். பொய் சொல்வானேன்?

நாங்கள் இருவரும் ஒரே பேரிங் கம்பெனியின் ஆட்டக்காரர்கள். சம்பளப் பட்டியலில் நான் பொது நிர்வாகப் பிரிவு. அந்தப் பிரிவில் என் மேஜை எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரியாது. அக்கா திரும்பி வந்ததும் அவருக்குப் பந்து அடித்துப் பழக்குகிற வேலை எனக்கு வந்தது. உலக வரிசையில் இருநூற்று நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தவள் நான். என்னுடைய பயிற்சி காலை ஆறு மணிக்கு மாறியது. பத்து மணியிலிருந்து அக்காவுக்கு.

"தெராஷிமா, கொஞ்சம் மெதுவா போடேன்டி. நீ அடிக்கிற அடி என் முட்டியில கேக்குது."

"சரிங்க அக்கா."

"சும்மா சரி சரின்னா எப்படி? நான் கிழவியாயிட்டேன்னு மனசுக்குள்ள சிரிக்கிற, இல்ல?"

"ஐயோ, இல்லங்க அக்கா."

சிரிக்கவில்லைதான். ஆறு மாதம் மெதுவாக அடித்ததில் என் கையே மெதுவாகிவிடுமோ என்று பயமாக இருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? எங்களில் ஒரு வருடம் முன்னால் வந்தவரே மூத்தவர். இவரோ பன்னிரண்டு வருடம் மூத்தவர்.

நவம்பர் வந்தது. தகாமாட்சுவில் பெரிய போட்டி. அந்த வருடத்துக்கு எனக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. மெல்போர்னில் ஜனவரியில் நடக்கும் போட்டியின் தகுதிச் சுற்றுக்கு, டிசம்பர் தொடக்கத்து வரிசையைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்கள். தகாமாட்சுவில் தகுதிச் சுற்றின் இரண்டு ஆட்டங்களை ஜெயித்தால் போதும், மெல்போர்ன் எனக்கு உறுதி. இருபத்தைந்து வயது வரை அந்த வாசலை நான் மிதித்ததில்லை. என் அப்பா விமான டிக்கெட் விலையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார்.

குலுக்கலில் முதல் ஆட்டமே எனக்கும் இசோகாய் அக்காவுக்கும் விழுந்தது. அதுவரை அவர் பதினோரு ஆட்டங்கள் ஆடி, பதினொன்றிலும் தோற்றிருந்தார்.

அன்று மத்தியானம் ஊதோன் நூடுல்ஸ் கடையில் எங்கள் கோச் குவாபாரா என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பாதிக் கிண்ணத்தைக் காலி செய்தார்.

"நாளைக்கு நம்ம கம்பெனி பிரெசிடென்ட் வர்றாராம்" என்றார்.

"அப்படிங்களா."

"டி.வி. காரங்களும் வர்றாங்க. அக்காவோட ரசிகர் சங்கத்துல மூணு பஸ் போட்டிருக்காங்க."

"நான் என்ன பண்ணணும் கோச்?"

"நான் ஒண்ணுமே சொல்லலியேம்மா. நீ நல்லா ஆடு." மீதிக் குழம்பைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்தார். "எல்லாருக்கும் மனசு நிறையிற மாதிரி ஆடு."

எங்கள் ஊரில் யாரும் எதையும் சொல்வதில்லை. சொல்லாததைக் கேட்கத் தெரியாதவள்தான் இங்கே செவிடு. எனக்குக் காது நன்றாகவே கேட்டது. ஆனாலும் நான் ஜெயிக்கத்தான் போனேன்.

முதல் நாள் தகுதி ஆட்டங்களுக்கு நடுவர் கிடையாது. அவரவர் பக்கம் விழும் பந்தை அவரவரே சொல்ல வேண்டும். வெளியே போனால் உடனே விரலைத் தூக்கிச் சத்தமாக 'அவுட்' என்று சொல்ல வேண்டும். தாமதித்தாலோ, பந்து கோட்டைத் தொட்டாலோ உள்ளே என்றுதான் கணக்கு. சந்தேகமிருந்தால் எதிராளிக்கே விட்டுக்கொடு என்பது எங்களுக்கு முதல் பாடம்.

முதல் செட் எனக்கு. இரண்டாவது அவருக்கு. என் கை அவரிடம் தானாகவே மெதுவாகப் போட்டுவிடுகிறது, ஆறு மாதப் பழக்கம் அப்படி. மூன்றாவதில் ஐந்துக்கு நான்கு, நான் சர்வ். நாற்பதுக்கு முப்பது. மேட்ச் பாயிண்ட், இன்னும் ஒரே பாயிண்ட் எடுத்தால் ஆட்டம் எனக்கு. அக்கா முட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். நான்கு பக்கமும் "மித்சுயோ, விடாதே!" என்று ஒரே கத்தல். என் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. என் அப்பா வந்திருந்தார்; அவர்கூடக் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

சர்வ் போட்டேன். அவருடைய பேக்ஹேண்ட் கோட்டையொட்டி வந்தது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இரண்டு விரற்கடை வெளியே. எனக்குச் சந்தேகமே இல்லை.

வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டம் எழுந்து நின்று கைதட்டத் தொடங்கிவிட்டது. முன்வரிசையில் பிரெசிடென்ட் எழுந்து நிற்கிறார். குவாபாரா தரையைப் பார்க்கிறார். வலைக்கு அந்தப் பக்கம் இசோகாய் அக்கா பந்து விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டு அசையாமல் நிற்கிறார். ஒரு மூச்சு போனது. அப்புறம் என் கை, நான் சொல்லாமலே, உள்ளங்கையைக் கீழே காட்டியது. உள்ளே.

அதன்பின் நான் மூன்று கேம் சேர்ந்தாற்போல் தோற்றேன். ஏழுக்கு ஐந்து.

அக்கா என்னைக் கட்டிக்கொண்டு தேம்பினார். பிரெசிடென்ட் என் ஓட்டல் அறைக்கு ஒரு பெட்டி இனிப்பு அனுப்பினார். சீட்டு எதுவும் இல்லை. எதற்கு என்று எழுதினால் அசிங்கமல்லவா? மறுநாள் அடுத்த ஆட்டத்தில் நாற்பத்தெட்டு நிமிடத்தில் அக்கா தோற்றார். அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஒரு வெற்றி கிடைத்தாயிற்று, கதை முடிந்தாயிற்று.

டிசம்பரில் மெல்போர்ன் பட்டியல் வந்தது. கடைசியாக உள்ளே போனவளுக்கும் எனக்கும் நடுவே இரண்டே பேர். அப்பா போனில், "பரவாயில்லம்மா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். அவரிடம் போய் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், என்ன செய்வார்?

அந்த மாதமே அக்கா இரண்டாவது தடவையாக ஓய்வு அறிவித்தார். நகோயாவில் ஓட்டல் மண்டபம், பகல் விருந்து. பூங்கொத்து கொடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். கடைசி வெற்றியின் எதிராளியாம். குவாபாரா என் காதருகே, "சிரிச்ச முகமா இரும்மா" என்றார். மேடையேறிக் கொத்தைக் கொடுத்தேன். போட்டோகிராபர்கள் இன்னும் நெருங்கி நிற்கச் சொன்னார்கள். அக்கா என் தோளில் கை போட்டார்.

"அந்தப் பந்து வெளியதாண்டி போச்சு" என்றார், உதட்டை அசைக்காமல்.

"தெரியுமா அக்கா உங்களுக்கு?"

"எனக்குத் தெரியாம? முப்பது வருஷமா அடிச்சுக்கிட்டிருக்கேன்."

"அப்ப நீங்க சொல்லியிருக்கலாமே. நீங்க அடிச்ச பந்து அவுட்டுன்னு நீங்களே சொல்லியிருக்கலாமே. மெல்போர்ன் போயிருப்பேனே நான்!"

"ஏன் சொல்லணும்? உன் பக்கம் விழுந்த பந்து. நீ சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே நின்னேன். நீ சொல்லல." கேமராவைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். "மரியாதைக்காக விட்டுட்டேன்னு ஊருக்குச் சொல்லிக்கோ. நிஜத்துல நீ பயந்துட்ட. எனக்கு ஜெயிக்கணும்னு இருந்துச்சு, உனக்கு நல்ல பொண்ணுன்னு பேர் வாங்கணும்னு இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் கேட்டது கிடைச்சுது."

"ரெண்டு பேரும் இங்கே பாருங்க!" என்று யாரோ கத்தினார்கள். பார்த்தோம். மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. நான் நன்றாகச் சிரித்திருந்தேன்.

அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபம் எதனால் என்றால், அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. ஜனவரி முழுக்க மெல்போர்ன் ஆட்டங்களை டி.வி.யில் போடவிடாமல் வீட்டில் எல்லாரையும் படுத்தினேன். பிப்ரவரியில் என் வரிசை முந்நூற்றைத் தாண்டிக் கீழே போனது.

மார்ச்சில் ஒரு சின்னப் போட்டி. தகுதிச் சுற்று, நடுவர் இல்லாத ஓரத்து மைதானம். எதிரில் கஜிதானி என்று கல்லூரியில் படிக்கிற பெண், பத்தொன்பது வயது. ஆட்டத்துக்கு முன்னால் வந்து குனிந்து வணங்கி, "தெராஷிமா அக்கா, உங்க மேட்ச் நிறையப் பாத்திருக்கேன்" என்றாள். நன்றாக ஆடினாள். மூன்றாவது செட்டில் ஐந்துக்கு ஐந்து, என் சர்வ், அவளுக்கு பிரேக் பாயிண்ட், அதை எடுத்தால் அந்த கேம் அவளுக்கு. அவளுடைய போர்ஹேண்ட் வந்து விழுந்தது.

கோட்டின் மேல். முழுசாகக் கோட்டின் மேல்.

"அவுட்!" என்றேன். உடனே சொன்னேன், சத்தமாக, விரலைத் தூக்கி.

அவள் பந்து விழுந்த இடத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அவளும் பார்த்திருந்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அக்கா..."

"என்ன?"

"இல்லங்க அக்கா. ஒண்ணுமில்ல. மன்னிச்சுக்கோங்க" என்று குனிந்து வணங்கிவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

நான் அடுத்த சர்வுக்குப் பந்தை எடுத்தேன்.