அக்கா நல்லா இருக்காங்க

மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பியில் கடுகளவு திருகாணி ஒன்றை வைத்து முடுக்கிக்கொண்டிருந்தபோது மேசைமேல் கைபேசி அதிர்ந்தது. "டாக்டரம்மா, அக்கா இன்னிக்கு எப்படி இருக்காங்க?" திருகாணி கீழே விழாமல் முடுக்கி முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு அவள் பதில் எழுதினாள். "நல்லா இருக்காங்க. காலையில கொஞ்ச தூரம் நடந்துட்டு வந்தாங்க." அக்கா இறந்து அன்றைக்கு நாற்பத்தேழு நாள் ஆகியிருந்தது.

அவள் டாக்டர் இல்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருஷமாக வில்லைகளைச் சட்டத்தின் அளவுக்குச் செதுக்கிப் பொருத்துகிறவள். டாக்டரம்மா என்பது கைபேசிக் குழு வைத்த பெயர். சினைப்பைப் புற்றுநோய் வந்த பெண்களும் அவர்கள் வீட்டாருமாக நூறு பேருக்கு மேல் இருந்த குழு அது. ஆஸ்பத்திரியில் டாக்டர் நாலு நிமிஷத்தில் சொல்லி அனுப்பியதை அங்கே வந்து அவளிடம் கேட்பார்கள். அவள் தனக்குத் தெரிந்ததைச் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்பாள். அதனாலேயே அவள் பேச்சுக்கு அங்கே மதிப்பு.

அக்கா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். ஒரு நாள் சீட் பெல்ட் வயிற்றை அழுத்துகிறது என்றாள். பிறகு ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது என்றாள். அடிக்கடி வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கழிப்பறை தேட வேண்டியிருக்கிறது என்றாள். "வாயுவா இருக்கும்க்கா" என்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தவள் தங்கைதான். எட்டு மாதம் அப்படி வாங்கிக் கொடுத்தாள். மூன்றாவது கட்டம் என்று டாக்டர் சொன்ன வாரம் கைபேசியில் தேடிப் பார்த்தபோது, அக்கா சொன்ன ஒவ்வொன்றும், கிட்டத்தட்ட அவள் சொன்ன வரிசையிலேயே, அறிகுறிகள் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. எட்டு மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. இவள்தான் தேடவில்லை.

அன்றிலிருந்து வெறிபிடித்த மாதிரி படித்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை ஒரு கையிலும் கைபேசியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, அகராதியைப் புரட்டிப் புரட்டி ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தாள். எத்தனை பேரிடம் சோதித்தார்கள், எவ்வளவு காலம் பார்த்தார்கள், ஆய்வுக்கு யார் செலவு செய்தார்கள், எல்லாவற்றையும் நோட்டில் குறித்தாள். சோதனை எலியிடமா மனுஷியிடமா என்பதைத்தான் முதலில் தேடுவாள். "அடுத்த பிறவில எலியாப் பொறந்துடுறேன்டி. அதுங்களுக்குத்தான் எல்லா மருந்தும் கேக்குது" என்று அக்கா மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு சிரிப்பாள். மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லி டாக்டரைக் கேளுங்கள் என்று இவள் எழுதியதைப் படித்துக் குழுவில் ரெண்டு பேர் கேட்டார்கள். நோய் திரும்புவதைத் தள்ளிப்போடும் மாத்திரை அவர்களுக்குக் கிடைத்தது. அக்காவுக்கு அந்த மாத்திரை ஒரு காலம் வேலை செய்தது, பிறகு நின்றது. நோய் மூன்றாம் முறை திரும்பியபோது எந்த மருந்துக்கும் மசியவில்லை.

அக்கா இறந்த மூன்றாம் நாள் செய்தியைச் சொல்லத்தான் குழுவைத் திறந்தாள். முந்தின நாள் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண்மணி, நூலகர், எழுதியிருந்தார்: "எனக்கும் மூணாவது ஸ்டேஜ். அஞ்சு வருஷம் தாண்டினவங்க யாராவது இங்க இருக்கீங்களா?" அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். "டாக்டரம்மாவோட அக்கா இருக்காங்களே." எல்லோரும் இவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் விரல் தானாக எழுதியது. "ஆமா, இருக்காங்க." நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மறுநாள் குழுவில் அக்கா கஞ்சி குடித்தாள். அதற்கு மறுநாள் நடந்தாள்.

கண்ணாடியைத் துடைத்து உறையில் போடும்போது முதலாளி பின்னறைத் திரையை விலக்கி, "உன்னைத் தேடி யாரோ வந்திருக்காங்கம்மா" என்றார். நோயாளிகளுக்கான உதவி எண்களும் கையேடுகளும் அடங்கிய தொகுப்பு ஒன்றை அச்செடுத்துத் தருவதாக நூலகரிடம் சொல்லி, கடை விலாசத்தையும் அவளே கொடுத்திருந்தாள். அவர் இன்றைக்கே வருவார் என்று எதிர்பார்க்கவில்லை. ஐம்பது வயதிருக்கும். தலையில் இறுக்கமாகத் துணி கட்டியிருந்தார். புருவம் இருந்த இடத்தில் மையால் கோடு இழுத்திருந்தார், ஒன்று சற்று மேலேறியிருந்தது.

"இப்பத்தான் உங்க பதிலைப் பார்த்தேன். வாசல்ல நின்னுக்கிட்டுத்தான் கேட்டேன்" என்று சிரித்தார். "அக்காவைப் பார்க்கணும். அஞ்சே நிமிஷம். பேசக்கூட வேண்டாம்."

"வீட்ல தூங்குவாங்க இப்ப."

"முழிக்கிற வரைக்கும் இருக்கேன். எனக்கு என்ன வேலை."

கோணலான அந்தப் புருவத்தைப் பார்த்தபடி இன்னொரு பொய்யைத் தேடினாள். இத்தனை நாளாகக் கேட்காமலே வந்த பொய் இப்போது வரவில்லை.

"அக்கா இல்லைங்க" என்றாள். "தவறிட்டாங்க."

"இப்பவா?"

"ஒன்றரை மாசம் ஆச்சு."

நூலகர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது, நாட்களைக் கணக்குப் போடுகிற மாதிரி. "மூணாவது கீமோ ஊசி வேண்டாம்னு நான் படுத்துட்டேன். என் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். அன்னைக்கு அக்கா மாடிப்படி ஏறினாங்கன்னு நீங்க எழுதினீங்க. அதைப் படிச்சுட்டுத்தான் எந்திரிச்சுப் போனேன்."

அவளுக்கு மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால் அழுகைதான் வரும் போலிருந்தது. அழுதால் அவர் தேற்ற வேண்டியிருக்கும். அதற்கும் இவளுக்கு அருகதை இல்லை. நூலகர் தொகுப்பை வாங்கிக்கொள்ளாமலே திரும்பி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனார்.

அவள் பின்னறை முக்காலியில் உட்கார்ந்து குழுவைத் திறந்தாள். நாலு முறை எழுதி நாலு முறை அழித்தாள். கடைசியில் அக்கா இறந்த தேதியை எழுதினாள். அதற்குப் பிறகு தான் எழுதியது அத்தனையும் பொய் என்று எழுதினாள். படித்துச் சொன்ன மருத்துவ விவரம் எதிலும் பொய் இல்லை, ஆனாலும் டாக்டரிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று சேர்த்தாள். அனுப்பிவிட்டுக் கைபேசியை அணைத்தாள். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

நூலகர் எதிர்ச்சாரிப் பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தார். பையைப் பக்கத்தில் வைத்திருந்தார், மடியில் கைபேசி திறந்திருந்தது. படித்துவிட்டார் என்று தெரிந்தது. அவள் பெஞ்சின் மறு ஓரத்தில், இன்னும் இரண்டு பேர் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தாள்.

கைபேசியை அணைத்துவிட்டு அவர் கேட்டார். "அந்த அஞ்சு வருஷமாவது நிஜமா?"

"நிஜம். அஞ்சு வருஷம் நாலு மாசம்."

"வண்டி ஓட்டினாங்களா?"

"ஊசி போட்ட வாரம் தவிர எல்லா வாரமும். பசங்களைத் திட்டுற மாதிரி திட்டித் திட்டித்தான் சொல்லிக்கொடுப்பா."

அவர் தலையை ஆட்டினார். கோபம் போய்விட்டதென்று அதற்கு அர்த்தமில்லை. "நீங்க படிச்சதெல்லாம் எனக்குச் சொல்லிட்டீங்க" என்றார். "கடைசி மாசத்தைச் சொல்லுங்க. அதை எங்கேயும் எழுத மாட்டேங்கிறாங்க. இந்தத் தடவை சரியாச் சொல்லுங்க."

"வயித்துல தண்ணி சேரும். எடுப்பாங்க. மறுபடி சேரும். வலிக்கு மருந்து இருந்துச்சு, அது கேட்டுச்சு. அது நிஜம்." அணைத்து வைத்திருந்த தன் கைபேசியை மடியில் கவிழ்த்தாள். "நான் பக்கத்துல உட்கார்ந்து படிச்சுக்கிட்டே இருப்பேன். எங்கயாவது ஒரு புது மருந்துச் சோதனை நடக்குதா, அவளைச் சேர்த்துப்பாங்களான்னு. ஒரு நாள் என் கையிலேருந்து போனைப் பிடுங்கி போர்வைக்குள்ள வச்சுக்கிட்டா. 'போதும்டி, என் மூஞ்சியப் பாரு'ன்னா. பார்த்தேன். எனக்கு அடையாளம் தெரியல. ஒரு மாசமா அந்த ரூம்லதான் இருந்திருக்கேன். ரிப்போர்ட்டைத்தான் பார்த்திருக்கேன்."

"அப்புறம்?"

பேருந்து ஒன்று வந்து நின்றது. கதவு மடிந்து திறந்தது. உள்ளே விளக்குக்குக் கீழே எல்லா இருக்கையும் காலியாக இருந்தது. ஓட்டுநர் இரண்டு பேரையும் பார்த்தார். ஏறப்போவது யார் என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். நூலகர் அசையவில்லை. கதவு மூடியது. பேருந்து கிளம்பிப் போன பிறகு அவர் தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பெஞ்சில் இருவருக்கும் நடுவே அது இருந்த இடம் காலியானது.