இரண்டாவது கழுவல்

பழைய அலமாரியை மதியத்துக்குள் காலி செய்யச் சொல்லி ஆலை மேலாளர் ஆள் அனுப்பியபோதே மூக்குக்காரிக்குத் தலைக்கேறிவிட்டது. வந்து ஒன்றரை வருஷத்தில் ஒருநாளும் சோதனைக்கூடத்தின் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதருக்கு, விசாரணை நடக்கிற நாளில்தானா சுத்தம் ஞாபகம் வர வேண்டும்?

மூக்குக்காரி என்பது சோதனைக்கூடத்தில் எண்ணெய் பார்க்கும் அவளுக்கு ஆலை வைத்த பெயர். மூடியைத் திறந்த மாத்திரத்தில் முகர்ந்தே எந்த எண்ணெய் என்று சொல்லிவிடுவாள். அவள் கணவன் அதே ஆலையில் எண்ணெய் கலப்பவன். தீப்பிடித்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் ஓடுவான் என்பதால் அவனுக்கு நிதானம் என்று பெயர். அந்த நிதானத்தின் வேலைக்குத்தான் இன்று உலை வைத்திருந்தார்கள்.

அங்கே செய்வது செயற்கை மசகு எண்ணெய். சாதாரண எண்ணெய் கருகிப்போகும் சூளைகளுக்கும் பெரிய பற்சக்கரப் பெட்டிகளுக்கும் அதுதான் போகும். அதில் இரண்டு வகை. இரண்டும் ஒரே பாத்திரத்தில் பட்டால் பால் திரிந்த மாதிரி கலங்கிப் பிசின் கட்டிவிடும். ஒன்றை மாமியார் என்றும் மற்றதை மருமகள் என்றும்தான் தொழிலாளிகள் சொல்வார்கள். ஆனால் பீப்பாயில் நிரப்ப இருவருக்கும் ஒரே குழாய். அதனால் ஒருத்தி போனதும், அடுத்தவளைக் கொண்டே குழாயை இரண்டு முறை கழுவ வேண்டும். கடைசியாகக் கழுவி வந்ததில் ஒரு பாட்டில் பிடித்து, தேதியையும் எத்தனையாவது கழுவல் என்பதையும் கலந்தவன் சீட்டில் எழுதி ஒட்டுவான். மூக்குக்காரி அதை வெளிச்சத்தில் பார்த்து, தெளிவாக இருந்தால் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைப்பாள். சுவரில் மாட்டியிருக்கும் விதிமுறையும் இதைத்தான் சொல்கிறது.

மேலாளர் வந்த புதிதில், இரண்டாவது கழுவல் வீண், ஒன்று போதும் என்று சொல்லிவிட்டார். வாயால்தான் சொன்னார். எழுதித் தரவில்லை. சுவரில் இருந்த தாளையும் மாற்றவில்லை. கெட்டிக்காரன்.

போன மாதம் ஓடு செய்யும் ஆலை ஒன்றில் இங்கிருந்து போன எண்ணெய் பிசினாகி, சூளைக்குள் ஓடுகளைத் தள்ளும் இயந்திரம் நின்றுவிட்டது. பெட்டியைத் திறந்து பார்த்த பொருத்துநர், சிக்கிய பற்சக்கரத்தைக் கையால் அசைத்தார். அது திடீரென்று சுற்றியதில் அவருடைய இரண்டு விரல்கள் போயின. இங்கே மேலாளர் அறிக்கை எழுதினார்: கலந்த தொழிலாளி விதிப்படி இரண்டு முறை கழுவவில்லை. சாட்சி, சுவரில் இருக்கும் தாள்.

மூக்குக்காரி அலமாரிக் கதவைத் திறந்தாள். ஒரு கழுவல் போதும் என்று மேலாளர் சொன்ன நாள் முதல் இன்று வரை மூன்று தொழிலாளிகள் மூன்று கையெழுத்தில் எழுதி ஒட்டிய பாட்டில்கள் இருபத்தாறு. எல்லாச் சீட்டிலும் ‘முதல் கழுவல்’ என்றுதான் இருந்தது. இரண்டாவது என்று ஒன்றுகூட இல்லை. ஒருத்தன் சோம்பேறியாக இருக்கலாம், மூன்று பேரும் ஒரே நாளிலிருந்து சோம்பேறியாக முடியுமா? இதைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால் மேலாளரின் சாயம் வெளுத்துவிடும்.

ஒரு பாட்டிலை எடுத்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள். கலங்கல். லேசானதுதான், ஆனால் கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும். சீட்டின் கீழே ‘சரி’ என்று எழுதி அவள் கையெழுத்து. அடுத்ததிலும் அப்படியே. இருபத்தாறிலும்.

அவளுக்கு அப்போது வந்த கோபம் மேலாளர்மேல் வந்ததல்ல. பீப்பாய்க்குள் போனால் தெளிந்துவிடும் என்று அவர் தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னதும், சரிங்க சார் என்று கையெழுத்துப் போட்ட கை அவளுடையது. முதல் வாரமே நிதானம் வீட்டில் சொன்னான், ஒரு தடவை கழுவினால் போதவில்லை, குழாயில் மிச்சம் நிற்கிறது என்று. அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, மேலே இருப்பவர்களுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு எதற்கு, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்றாள். அவன் மூடிக்கொண்டான். அதை நினைத்தபோது தன் வாயிலேயே நாலு போட வேண்டும்போல் இருந்தது.

பாட்டில்களைத் தள்ளுவண்டியில் அடுக்கினாள். வாசலில் நின்ற நிதானம் பார்த்துவிட்டு வழியை மறித்தான்.

“இதுல எல்லாம் உன் கையெழுத்து இருக்கு. எனக்கு வேலை போனா போகட்டும். உன்னையும் சேர்த்து அனுப்பிடுவாங்க.”

“வாய மூடுங்கன்னு அன்னைக்கு நான்தானே சொன்னேன். இன்னைக்கு நான் தொறக்கறேன். தள்ளுங்க.”

விசாரணை அறையில் மேலாளரும், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியும், ஓட்டு ஆலைப் பொறியாளரும் இருந்தார்கள். மூக்குக்காரி யாரையும் கேட்காமல் பாட்டில்களை மேசையில் தேதி வாரியாக வரிசைப்படுத்தினாள். யார் யார் எழுதியது, எந்த நாளிலிருந்து இரண்டாவது கழுவல் நின்றது, யார் நிறுத்தச் சொன்னது என்று குரலை உயர்த்தாமல் சொன்னாள். பொறியாளர் ஒரு பாட்டிலை விளக்குக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மேலாளர் பக்கம் திரும்பினார்.

மேலாளர் அசரவில்லை. ஒரு சீட்டைக் கிழித்து எடுத்து அவள் முன்னால் போட்டார்.

“சரின்னு எழுதி கையெழுத்துப் போட்டது யாரு?”

“நான்தான்.”

“கலங்கலா இருக்குன்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சேதான் சார்.”

மேலாளர் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தார். குற்றவாளியே ஒப்புக்கொண்டாயிற்று, இனி பேச என்ன இருக்கிறது, தனக்கு வேறு கூட்டம் இருக்கிறது என்று சொல்லி விசாரணைக் கோப்பை மூடிக்கொண்டு எழுந்தார்.

மூக்குக்காரி நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தாள். கிழிந்த சீட்டை எடுத்துப் பழைய இடத்திலேயே ஒட்டினாள். பசை காய்ந்திருந்ததால் நிற்கவில்லை. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஒருத்தர் கையில ரெண்டு விரல் இல்ல சார். அதுல என் பங்கை நான் ஒத்துக்கிட்டேன். உங்க பங்கு இன்னும் பாக்கி இருக்கு. உக்காருங்க.”