ரூபிகா எந்தப் பக்கம்

பதவி உயர்வுக் கடிதம் வந்த திங்கட்கிழமை ரூபிகா வெள்ளவத்தை வீட்டில் ஸ்டாண்ட்பையில் இருந்தாள். சீருடையை அயர்ன் பண்ணி மாட்டிவிட்டு, போன் வந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் இரத்மலானை விமான நிலையத்தில் நிற்பதற்கு ஆயத்தமாக இருப்பதுதான் ஸ்டாண்ட்பை. போன் வராவிட்டால் அந்த நாள் வேலை நாளாகச் சேராது. பணக்காரர்களைத் தனி ஜெட்டில் ஏற்றிப்போகும் சிறிய கம்பனி அது. பறந்த மணித்தியாலங்களுக்கு மட்டுந்தான் சம்பளம். போன மாதம் ஒரு குடும்பத்தை மாலைதீவில் இறக்கிவிட்டு, அவர்கள் குளித்து முடித்துத் திரும்பும்வரை மூன்று நாள் ஹோட்டல் அறைக்குள் கிடந்தாள். அந்த மூன்று நாளும் காற்றோடு போயிற்று.

ஆறு வருடமாகத் துணை விமானியாக இருப்பவளுக்கு, வருகிற முதலாம் திகதியிலிருந்து 'துணைத் தலைமை விமானி' என்று கடிதம் சொன்னது. சந்தோஷத்தில் உடனே கணவன் கிஷாந்த் வேலைபார்க்கும் வங்கிக்குப் போன் எடுத்தாள்.

"சம்பளம் எவ்வளவு கூட்டியிருக்கினம்?" என்று கேட்டான் அவன்.

"அதைப்பற்றி ஒண்டும் எழுதேல்லை."

"என்ன வேலை எண்டாவது இருக்கோ?"

"அதுவும் இல்லை."

"அப்ப என்னதான் எழுதியிருக்கு?"

"நிர்வாகத் தரம் எண்டு எழுதியிருக்கு."

கிஷாந்த், "நல்லதுதானே, பின்னேரம் வந்து கதைப்பம்" என்று போனை வைத்தான்.

பகல் சாப்பாட்டு நேரத்தில் இன்ஸாப் போன் எடுத்தார். அதே கம்பனியில் கப்டன். பைலட்மாரைத் தொழிற்சங்கத்தில் சேர்க்க ஒரு வருடமாக அலைகிறவர்.

"ஒங்களுக்கு வாழ்த்துச் சொல்றதா, என்ன சொல்றதுன்டு எனக்கு வெளங்கல்ல" என்றார்.

கம்பனியில் விமானிகள் பன்னிரண்டு பேர். தனியாகச் சங்கம் பதிய ஏழு பேராவது வேண்டும். சேர்ந்தவர்கள் ரூபிகாவோடு ஐந்து பேர்தான். அதனால் கொட்டாஞ்சேனையில் இருந்த துறைமுகத் தொழிலாளர்களின் பொதுச் சங்கத்தில் போய்ச் சேர்ந்திருந்தார்கள். தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பது பேர் அங்கத்தவராக இருந்தால், சம்பள ஒப்பந்தம் பேசக் கம்பனி வந்தே ஆகவேண்டும். பன்னிரண்டில் ஐந்து அந்தக் கோட்டைத் தாண்டும். ஐந்தில் ஒருத்தி நிர்வாகத்துக்குப் போய்விட்டால் அவள் தொழிலாளர் கணக்கில் வரமாட்டாள், கோட்டையும் தாண்டாது.

"அப்ப என்னை வெட்டுறதுக்குத்தான் இந்தப் பதவியைத் தந்திருக்கினமோ?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல. நீங்க நல்ல பைலட். அது வேற, இது வேற."

அது வேறு, இது வேறு என்றால் தன் கையில் இருப்பது எது என்று ரூபிகாவுக்கு விளங்கவில்லை. அன்றைக்குக் கடிதத்தை எத்தனையோ தரம் வாசித்தாள். ஒரு தரம் பெருமையாக இருந்தது. மறுதரம் அவமானமாக இருந்தது.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடையொன்றின் மேல்மாடியில் சங்கத்தின் அறை. செயலாளர் மாக்ரெட், கிரேன் ஓட்டுநர்கள் இரண்டு பேரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கடிதத்தை வாங்கிப் பார்த்தார்.

"நீ யாருக்காவது லீவு குடுக்கலாமா, மகள்?"

"தெரியாது அக்கா."

"ரோஸ்டர் போடலாமா?"

"தெரியாது."

"தெரியாத வேலைக்கு எப்படி மகள் போறது? போய்க் கேளு."

அவள் நேரே இரத்மலானைக்குப் போய், ஊழியர் விஷயங்களைப் பார்க்கும் ஆளணிப் பகுதிக்குப் பொறுப்பான டிலக்ஷியிடம் கேட்டாள். டிலக்ஷி எழுந்து நின்று கைகொடுத்தாள். "நீங்கள் இனி மனேஜ்மென்ட் தானே மிஸ். ரோஸ்டர் எல்லாம் நீங்களும் பார்க்கலாம்" என்றாள்.

ரூபிகா அதை அப்படியே நம்பினாள். வீட்டுக்கு வந்து, யார் எந்த நாள் பறப்பது என்ற அடுத்த மாத ரோஸ்டரை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்து எழுதினாள். நீண்ட பறப்புக்குப் பிறகு முழு ஓய்வு. ஸ்டாண்ட்பை நாள், வேலை நாள். வெளிநாட்டில் காத்திருக்கும் நாளும் வேலை நாள். வேறு எப்படி எழுதுவதென்று அவளுக்குத் தோன்றவேயில்லை. கீழே தன் பெயரையும் புதிய பதவியையும் போட்டு, வெள்ளிக்கிழமை காலையில் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பினாள்.

ஒரு மணித்தியாலத்துக்குள் கம்பனியின் பணிப்பாளரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அந்த ரோஸ்டர் செல்லாது. துணைத் தலைமை விமானி என்பது ஒரு கௌரவப் பெயர் மட்டுமே. ரோஸ்டர் தயாரிக்கவோ, லீவு அனுமதிக்கவோ, எந்தச் செலவுக்கும் கையெழுத்திடவோ அவளுக்கு அதிகாரம் கிடையாது. இனிமேல் அனுமதி பெறாமல் எதுவும் செய்யக்கூடாது.

ரூபிகா, வேலை போய்விடும் என்றே நினைத்தாள். அந்த மின்னஞ்சலை இன்ஸாபுக்கு அனுப்பி, 'நான் என்ன பிழை விட்டனான்?' என்று கேட்டாள். பதில் எழுதாமல் அவர் போன் எடுத்தார். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

"இத அழிச்சிராதீங்க. அப்பிடியே வைங்க."

"ஏன்?"

"வைங்கன்டு சொல்றன்தானே!"

அடுத்த வாரம், சங்கத்துக்கு நூற்றுக்கு நாற்பது பேர் இருக்கிறார்களா என்று தொழில் திணைக்களத்தில் விசாரணை. நீள மேசையின் ஒரு பக்கம் டிலக்ஷியும், நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையிலிருந்து வந்த கம்பனி வக்கீலும். மற்றப் பக்கம் மாக்ரெட்டும் இன்ஸாபும். உள்ளே நுழைந்த ரூபிகாவுக்கு வக்கீல் தன் அருகில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அதே நேரம் இன்ஸாபும் தன் பக்கத்துக் கதிரையைத் தட்டிக் காட்டினார். அவள் கைப்பையைப் பிடித்தபடி நடுவில் நின்றாள்.

விசாரணை அதிகாரி சிங்களத்தில் கேட்டார்: "மிஸ், நீங்கள் எந்தப் பக்கம்?"

"எனக்கும் தெரியாது சேர்" என்றாள் அவளும் சிங்களத்தில்.

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. மாக்ரெட் எழுந்து பணிப்பாளரின் மின்னஞ்சலை அவர் முன்னால் வைத்தார். அதிகாரி நிதானமாக வாசித்துவிட்டு வக்கீலிடம் நீட்டினார்.

"இவருக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று உங்கள் கம்பனிதான் எழுதியிருக்கிறது. பிறகு எப்படி இவர் நிர்வாகம்?"

வக்கீல் டிலக்ஷியைப் பார்த்தார். டிலக்ஷி மேசையைப் பார்த்தாள்.

"மிஸ், அந்தப் பக்கம் போய் இருங்கள்" என்று அதிகாரி சங்கத்தின் பக்கத்தைக் காட்டினார். ரூபிகா போய் இருந்தாள். யாரோ ஒருவர் முடிவு சொன்னதில் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

வெளியே விறாந்தையில் இன்ஸாப், "என்ன மூள ஒங்களுக்கு! வேணுமுன்டே ரோஸ்டர் போட்டு அவங்கள மாட்ட வச்சீங்க" என்றார்.

"இல்லை இன்ஸாப். நான் உண்மையாத்தான் போட்டனான்."

"சரி சரி, நான் ஒத்தருக்கும் சொல்ல மாட்டன்" என்று அவர் கண்ணைச் சிமிட்டினார். பின்னால் வந்த டிலக்ஷி ரூபிகாவின் முகத்தைப் பார்க்காமல் கடந்து போனாள். அவளும் அப்படித்தான் நினைக்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு பேரும் நினைத்த கெட்டிக்காரி தானில்லை என்பதை யாரிடம் போய்ச் சொல்வதென்று ரூபிகாவுக்குத் தெரியவில்லை.

ஒப்பந்தம் கையெழுத்தாக நான்கு மாதம் பிடித்தது. வெளிநாட்டில் காத்திருக்கும் நாள் முழு நாளாகச் சேர்ந்தது. ஸ்டாண்ட்பை அரை நாளானது. "முதல் ஒப்பந்தத்தில அரை கிடைச்சா அது பெரிய விஷயம்" என்றார் மாக்ரெட். இடையில் ஒரு வரிக் கடிதமொன்றில் ரூபிகாவின் பதவியையும் கம்பனி திரும்ப எடுத்துக்கொண்டது. அவள் அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி அவளை விடவில்லை. தலைமை விமானி கப்டன் பௌஸியோடு மாலைதீவிலிருந்து வெறும் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்த ஒரு நாள், கடலுக்கு மேலே வைத்துக் கேட்டே விட்டாள்.

"கப்டன், அந்தப் பதவிக்கு என்ர பேரை ஆர் குடுத்தது?"

"நான்தான். ரெண்டு வருஷத்துக்கு முந்தி. அப்ப வேணான்டாங்க. இந்த முற அவங்களே வந்து, அந்தப் பேரு இன்னும் ஈக்கான்டு கேட்டாங்க."

"அப்ப எனக்குத் தகுதி இருந்ததோ, இல்லையோ?"

"இருந்தது."

"அதுக்காகவோ தந்தவை?"

பௌஸி முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "அதுக்காக இல்ல, மகள்."

சந்தோஷப்படுவதா, கோபப்படுவதா என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கையில் கட்டுநாயக்க விமானக் கட்டுப்பாட்டிலிருந்து குரல் வந்தது. உயரத்தைக் குறைக்கச் சொன்னார்கள். அவள் பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள்.

அந்த வாரமே ஒரு விண்ணப்பம் எழுதினாள். துணைத் தலைமை விமானிப் பதவி வேண்டும். என்ன வேலை, என்ன அதிகாரம், என்ன சம்பளம் என்பதை எழுத்தில் தரவேண்டும். தந்த பிறகு ஏற்பதா இல்லையா என்று அவள் சொல்வாள். டிலக்ஷி அதை நின்றபடியே வாசித்தாள்.

"மிஸ், இப்பிடி ஒருத்தரும் எழுதினதில்லை. இதை நான் எங்க அனுப்புறது?"

"எனக்கும் தெரியாது டிலக்ஷி" என்றாள் ரூபிகா. "ஆனா கிடைச்சதெண்டு சீல் அடிச்சு எனக்கொரு பிரதி தாங்கோ."

டிலக்ஷி மேசை லாச்சிகளைத் திறந்து திறந்து சீலைத் தேடினாள். அது அகப்படும்வரை ரூபிகா மேசைக்கு முன்னால் நின்றாள்.