நைனா கொடுத்த ஏசி

...குமிழைக் கடைசிவரை திருகியாயிற்று, சத்தம் மட்டும் தெருவுக்கே கேட்கிறது, காற்றைத்தான் காணோம். தறி நூலில் ஓர் இழையை அறுத்து ஏசியின் வாய்க்கு நேரே பிடித்தேன், அசையாமல் தொங்குகிறது. நைனா பள்ளிப்பட்டில் பஸ் ஏறியிருப்பார், ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் பஸ் எங்கள் மலையடிவாரத்துக்கு வராமல் போனால்... நைனா வராமலே போகட்டுமே, வந்தால் அவர் காதில் விழப்போவது என்ன? காலையில் என் வீட்டுக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னதுதான். "உங்க நைனா வரட்டும். இந்த ஓட்டை ஏசியை எடுத்துகினு போவட்டும். கூடவே நீயும் கெளம்பு." ஓட்டையாம். ஊரில் எவன் வீட்டிலும் இல்லாத சாமானாக வேண்டும் என்று கல்யாணத்தில் கேட்டது யார்? நைனா இருந்த தறிகளில் ஒன்றை விற்று, மெட்ராஸில் ஏதோ ஆபீசில் கழித்துப் போட்டதை வாங்கி வந்து, இந்தச் சுவரை உடைத்துப் பதித்துக் கொடுத்தார். இன்று காற்று நின்றால் அவர் மானம் போக வேண்டுமா? எனக்குப் பிள்ளை இல்லாததுகூட அவர் செய்த சீரில் ஒரு குறை என்பதுபோல்தான் பேசுகிறார்கள்.

அரக்கோணத்து மெக்கானிக் இன்று வரமாட்டான், நானே திறந்து பார்த்தால் என்ன... கரண்டு அடித்தால் அடிக்கட்டும். ஸ்டெபிலைசர் முள் சரியாகத்தான் நிற்கிறது. கொல்லைக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பின்பக்கம் அனல் கக்குகிறது, குருவிக்கூடு ஒன்றும் இல்லை. அப்படியென்றால் கோளாறு உள்பக்கம்தான். அணைத்தேன், பிளக்கைப் பிடுங்கினேன். முன்மூடியில் கை வைத்ததும் என் மாமியார், அத்தையின் குரல்... அத்தை மலைமேல் முருகன் கோயிலில் இருக்கிறார், குரலை மட்டும் இங்கேயே விட்டுப் போயிருக்கிறார். "மிசினைத் தொடாதடி தமயந்தி, நானே தொடச்சிக்கிறேன்." ஒட்டடை அடிக்க, மாட்டுக்குக் கழனித்தண்ணி ஊற்ற எல்லாவற்றுக்கும் என்னைக் கூப்பிடுகிறவர் இதை மட்டும் ஏன் தானே துடைக்கிறார்? மூடி வந்துவிட்டது. வலையில் தறிப்பஞ்சு கொஞ்சம்தான், உதறினால் போயிற்று. வலைக்குப் பின்னால்... தகடே தெரியவில்லை, எல்லாம் மஞ்சள். மஞ்சளில் நனைத்த துணிகள், ஒன்றின்மேல் ஒன்றாக, ஈரத்தில் தகட்டோடு அப்பிக் கிடக்கின்றன, ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு முடிச்சு. நெருடிப் பார்த்தேன். காசு. முருகனுக்கு முடிந்து வைத்த காசு. ஆடிக்கு ஒன்றாக முடிந்திருக்கிறார், யார் கையும் படாத இடமாகப் பார்த்து, எங்கள் கட்டிலுக்கு நேர்மேலே. வேண்டியது பலிக்கும்வரை முடிந்த காசை எடுக்கக் கூடாது... எடுக்காவிட்டால் நைனா தலைகுனிந்து நிற்பாரே? ஒவ்வொன்றாக உரித்து இடக்கையில் சேர்த்துக்கொண்டேன்.

பிளக்கைச் செருகிக் குமிழைத் திருகியதும் முகத்தில் அறைந்தது காற்று, நூல் கையைவிட்டுப் பறந்தது. சிரித்தேன், அழுதேனோ என்னவோ. வாசலில் செருப்புச் சத்தம், "இன்னாம்மா, ஜோரா இருக்குதே காத்து! கெட்டுப்போச்சுன்னு வழியிலே சம்பந்தியம்மா சொன்னாங்களே?" நைனா வேர்வையோடு வந்து கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைக் கழற்றுகிறார், அப்பாடா, அவர் தலை நிமிர்ந்தே இருக்கட்டும். அவர் பின்னாலேயே நெற்றி நிறைய விபூதியோடு அத்தை. காற்றை அவர் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார். "எடுத்துட்டியாடி..." அதட்டல் இல்லை, இப்படி ஒரு குரல் அவரிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. என்ன வேண்டினீர்கள் அத்தை? இந்த வயிற்றுக்கு ஒரு பிள்ளையா, இந்தக் கட்டிலுக்கு வேறொருத்தியா? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அத்தை மடியிலிருந்து இந்த ஆடிக்கு முடிந்த புதுத் துணியை எடுத்தார், ஏசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இனிமே இதெ எங்கடி வெப்பேன்?" எதற்கு முடிந்தது என்று தெரியாமலே அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டிவிட்டேன்.