நிரம்பி வந்த ஜாடி

எனக்குச் சந்தேகப் புத்தி என்று தங்கை சொல்வாள். இருக்கட்டுமே. வேதியியல் டீச்சர் நான். எவன் விடையை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பின்னால் போட்டான் என்று முகத்தைப் பார்த்தே சொல்வேன்.

தங்கையின் கணவர் ஒரு வாடகை ஷெட்டில் கிராஃபீன் என்ற விலை உயர்ந்த கார்பன் தூள் செய்கிறார். இரும்புக் கலத்தில் அசிட்டிலீன் வாயுவையும் கொஞ்சம் ஆக்ஸிஜனையும் அடைத்துப் பொறி வைத்தால் ஒரே வெடி. எரிய ஆக்ஸிஜன் போதாமல் அசிட்டிலீனில் மிஞ்சும் கார்பன் மெல்லிய கருந்தூளாகச் சுவரில் ஒட்டும். நானும் வேலையை விட்டுவிட்டு அவர்களோடு சேர வேண்டுமாம். நாளைக்குப் பள்ளியில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் தூள் ஒரு தடவைகூடக் கெட்டுப்போகவில்லை. அதுதான் உறுத்தியது. தினம் சமைக்கிறவளுக்கே ஒரு நாள் உப்பு கூடிவிடுகிறது. மாப்பிள்ளை யார் காதில் பூ சுற்றுகிறார்?

அவர் போன் பேசப் போன நேரத்தில் கலத்தை நானே நிரப்பினேன். கலம் தாங்க வேண்டுமே என்று மொத்த வாயுவைப் பாதியாகக் குறைத்தேன். அதில் ஆக்ஸிஜனை மட்டும் தாராளமாக விட்டேன். அத்தனை கார்பனும் எரிந்து வாயுவாகிவிடும். ஒரு சிட்டிகைத் தூள்கூட மிஞ்சாது.

அவர் வந்து சுவிட்சை அழுத்தினார். ‘டம்’ என்றது. தூசி பட்டால் அவருக்கு இளைப்பு வரும் என்பதால் கலத்தைத் திறப்பது எப்போதும் தங்கைதான். முகமூடி மாட்டிக்கொண்டு, தூளை அள்ளும் ஜாடியோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

திரும்பி வந்தபோது ஜாடி நிரம்பியிருந்தது.

“அக்கா, பாருங்க! இவ்வளவு நல்லா வந்ததே இல்ல!” மாப்பிள்ளை குழந்தை மாதிரிக் குதித்தார். அந்தச் சந்தோஷத்தில் கள்ளம் இல்லை. இத்தனை நாளும் ஆளை மாற்றிச் சந்தேகப்பட்டிருக்கிறேன்!

தங்கையை உள்ளே இழுத்துப் போனேன். “எங்கேருந்துடி வந்தது இது?”

“வெளியில வாங்கினது, அக்கா.” கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “நிஜமா வந்ததெல்லாம் வெறும் கரி. இதையே நம்பி உட்கார்ந்திருக்காரு, எப்படிச் சொல்றது? நீ வந்துட்டா எல்லாம் எப்படியாவது சரியாயிடும்னு நினைச்சேன். அவர்கிட்ட சொல்லிடாதக்கா.”

“அடிப்பாவி! என் வேலைக்கும் சேர்த்து உலை வைக்கப் பார்த்தியே!” ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வெளியே வந்தேன். “மாப்பிள்ளை, இன்னைக்கு அசிட்டிலீன் ஒரு பங்குன்னா ஆக்ஸிஜன் மூணு பங்கு விட்டேன்.”

சிரித்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். கணக்குத் தெரிந்த மனிதர். நான் வேறொன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஜாடியை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

“எத்தனை நாளா?” என்று கேட்டார். என்னை அல்ல.

“முதல் நாள்லேருந்து,” என்றாள் தங்கை.