தொண்ணூற்றொன்றும் தொண்ணூற்று நான்கும்

மூன்றாவது நாளும் ஆயர் ஈத்தாம் டைல்ஸ் தொழிற்சாலையின் கேமரா வேலை செய்யவில்லை. தம்போய் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ரூபினிக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

விரிசல் விட்ட டைல்ஸைக் கண்டுபிடிக்கும் அந்தக் கேமராவுக்கு மென்பொருள் கட்டித் தருவது அவள் வேலை. அங்குள்ள லினக்ஸ் இயந்திரத்தை இயக்கும் மைய மென்பொருளான கெர்னல் எந்தப் பதிப்போ, அதற்கென்றே கட்ட வேண்டும். கடைசி எண் பிசகினாலும் உள்ளே விடாது. அங்கே இருப்பது 91. அவள் அனுப்பிய பேக்கேஜின் பெயரிலும் 91 என்றுதான் இருந்தது. ஆனால் பராமரிப்பாளர் வேலு படமெடுத்து அனுப்பிய திரையில், பதிப்பு பொருந்தவில்லை என்ற வரியில், 94 என்ற எண் தெரிந்தது.

வேலுதான் அப்டேட் பண்ணித் தொலைத்திருக்கிறார் என்று ரூபினி முடிவு கட்டினாள். தொடவே இல்லை, அடுத்த மாதம் என் கான்ட்ராக்ட் முடிகிறது, என் பேரை இழுக்காதீர்கள் என்று அவர் கெஞ்சினார். மாட்டிக்கொண்டால் எல்லாரும் சொல்வதுதானே. வேலு கெர்னலை மாற்றிவிட்டார் என்று தொழிற்சாலை மேலாளருக்கு மெயில் தட்டிவிட்டு, 94-க்குக் கட்டி அனுப்பினாள். அதுவும் படுத்துக்கொண்டது.

இன்று மதியம் எரிச்சலோடு படத்தைப் பெரிதாக்கி, அந்த வரியை முதல் முறையாக முழுதாகப் படித்தாள். வந்திருப்பது 94, இருக்க வேண்டியது 91. இயந்திரம் மாறவே இல்லை. 94 அவளுடைய பேக்கேஜுக்குள் இருந்தது.

ஸ்கிரிப்டைத் திறந்தாள். பெயருக்கு மட்டும் 91-ஐ வைத்துக்கொண்டு, கட்டும்போது அது அவளுடைய சர்வரின் கெர்னலைப் பார்த்துக் கட்டியிருந்தது. இதுநாள்வரை சர்வரும் 91 என்பதால் பிழைத்தது. திங்கட்கிழமை அதை 94-க்கு அப்டேட் செய்தவள் அவளேதான். அவளுக்குத் தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

விஷயத்தைக் கேட்ட அவளுடைய முதலாளி ஸ்டானிஸ்லாஸ், சரியானதை அனுப்பு, காரணமெல்லாம் எழுதாதே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். அவள் திருத்திக் கட்டி அனுப்பிவிட்டு வேலுவை அழைத்தாள். கேமரா ஓடுகிறது என்றார்.

"அண்ணே, அந்த அப்டேட் விஷயம்..."

"விடும்மா. நேத்தே விளக்கம் கேட்டு ஷோ காஸ் லெட்டர் கொடுத்துட்டாங்க. நான்தான் தெரியாம ஏதோ அமுக்கியிருப்பேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்களுக்கும் மூணு நாளா தொல்லை, சோரி லா."



"நீங்க ஒண்ணும் அமுக்கலண்ணே. அப்டேட் பண்ணது நான்."

மேலாளருக்கு அனுப்பிய பழைய மெயிலைத் திறந்து, வேலுவின் பெயர் இருந்த இடத்தில் தன் பெயரைப் போட்டு எழுதத் தொடங்கினாள். ஸ்டானிஸ்லாஸ் திரும்பி வருவதற்குள் அனுப்பியாக வேண்டும்.